ஓரத்தில் நின்ற தாய்மாமன்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதும், "இந்த வருஷம் எழுதிருறேன் ஆண்டவரே" என்று சொல்லுவேன். நோட்டை எடுத்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் நன்றாகவே வரும். பேரையூர் டேப் விஷயம் வரும் இடத்தில் கை நின்றுவிடும். பத்தாவது பெயிலானவன் எழுதினால் சிரிப்பார்கள் என்று வீட்டில் காரணம் சொல்லி வந்தேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பு.

போன மாதம் நம் வீடியோகிராபர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியால் கேமராவை இறக்கி வைத்து மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் கூப்பிட்டால் போய்விடுவேன், டீயும் வடையும் நன்றாக இருக்கும். அங்கே தம்பிமார் நாலைந்து பேர், புதுக் கேமராவுக்கு ஃபோர் கே தரம் போதுமா, எயிட் கேவுக்குப் போய்விடலாமா என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல இந்தத் தலைவலியே இல்லண்ணே. ஒரே கேமரா, ஒரே டேப்பு" என்றார்.

"யாருப்பா சொன்னா? எங்களுக்கு வந்த தலைவலியில ஒரு குடும்பமே பிரியப் பாத்துச்சு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிறகு விடுவார்களா? எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது பசுமலையில் ஞானராஜ் அண்ணன் வைத்திருந்த ஸ்டூடியோவில். முதல் நாலு வருடம் லைட் பிடித்தேன். கல்யாண வீடுகளில் அந்தச் சூட்டில் மாப்பிள்ளையைவிட எனக்குத்தான் அதிகம் வேர்க்கும். பிறகு கேமராவைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் என் படிப்பு.

ஞானராஜ் அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவருக்குச் "சரி" என்ற ஒரு சொல் போதும். சட்டென்று சொன்னால் சம்மதம். "ச...ரி" என்று இழுத்தால், "நீ செய்றது எனக்குப் பிடிக்கல, ஆனா செஞ்சு பாரு" என்று அர்த்தம். ஒவ்வொரு வேலைக்கும் முந்திய நாள் மத்தியானம் பையைத் தரையில் வைத்து, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவது போல ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்.

"பேட்டரி?"

"இருக்குண்ணே, மூணு."

"சார்ஜர்?"

"இருக்குண்ணே."

"லென்ஸ் துடைக்கிற துணி?"

இப்படியே கடைசி வயர் வரைக்கும் போகும். முடிந்ததும் கேமரா மேல் உள்ளங்கையை வைத்து ஒரே வரியில் ஜெபம் செய்வார். அந்த வீட்டுக்காரர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், அவர்கள் பெயரைச் சொல்லித்தான் ஜெபிப்பார்.

இன்னொரு முறையும் வைத்திருந்தார். படம் பிடித்த டேப்பின் முதுகில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. வேலை முடிந்த இடத்திலேயே அதைத் தள்ளிவிட வேண்டும். லேபிளில் பென்சிலால் வீட்டுக்காரர் பெயர் எழுத வேண்டும். அந்த வீட்டு அழைப்பிதழை டேப்பைச் சுற்றி மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, பின்னறையில் இருக்கும் பெரிய பிஸ்கட் டின்னில் வைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் டிவிடியை வாங்கிப் போய், சொந்தபந்தத்தோடு உட்கார்ந்து பார்த்து, "எல்லாரும் பாத்தாச்சு" என்று அவர்கள் வாயால் சொல்லும் வரைக்கும் அந்த டேப்பைத் தொடக் கூடாது. சொன்ன பிறகு லேபிளை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். சிலர் மூன்று மாதம் ஆகியும் சொல்ல மாட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "டிவிடி போட்டுக் குடுத்தாச்சுல்லண்ணே, இன்னும் எதுக்கு?" என்றால், "பாக்கட்டும் சாமு" என்பார். வேறு விளக்கம் கிடையாது.

இனி கேமரா கதைக்கு வருகிறேன்.

எங்கள் பழைய கேமரா ஓய்ந்துபோன சமயம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்கு அண்ணன் என்னைக் கூட்டிப்போனார். மேஜை மேல் இரண்டு கேமரா வைத்தார்கள். ஒன்று தோளில் தூக்கி வைக்கிற பெரிய உருப்படி. படம் பழைய தரம்தான், ஸ்டாண்டர்ட் டெஃபனிஷன். ஆனால் இருட்டு மண்டபத்திலும் முகத்தை நன்றாகக் காட்டும். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற ஹெச்டி. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி போலப் படம் வரும், அகலமாகவும் வரும். கொஞ்சம் இருட்டினால் மணல் தூவியது போலப் புள்ளி விழும்.

"தூக்கப் போறவன் நீ. நீயே சொல்லு" என்றார் அண்ணன்.

எனக்கு உடனே சொல்லத் தைரியம் இல்லை. பெரிய கேமராவைத் தோளில் பார்த்தால்தான் கல்யாண வீட்டில் வழிவிடுவார்கள். அந்தக் காலத்தில் யார் வீட்டிலும் அகல டிவி கிடையாது, எல்லாம் பின்பக்கம் வயிறு தள்ளிய பழைய டிவிதான். எங்கள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரும் ஹெச்டியைத் தாங்காது. டிவிடியில் போட்டால் எப்படியும் பழைய தரத்துக்குத்தான் இறங்கும். பிறகு எதற்கு ஹெச்டி? வீட்டுக்கு வந்து என் மனைவி ரோஸ்லினிடம் சொன்னேன்.

"ஜெபம் பண்ணுங்க. பண்ணிட்டு, ரெண்டையும் தூக்கிப் பாருங்க. உங்க தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்கிறவ நான்தான்" என்றாள்.

மறுநாள் அண்ணனோடு கடைக்குப் போய்ச் சின்னதைக் கையில் எடுத்து, வாசல் வழியாக எதிர்ப்பக்கம் திருப்பினேன். அங்கே பிளாட்பாரத்தில் ஒருவர் துணிப்பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தார். கடையில் இருந்த அகல டிவியில் அவர் ஊசியில் நூல் கோக்கப் பார்ப்பது தெரிந்தது. அவர் அந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தியதும் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "இதுதாண்ணே" என்றேன்.

"ச...ரி" என்றார்.

அந்தச் சின்னக் கேமராவோடு போன முதல் கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, செல்போன முன்னாடி அனுப்பிச்சுட்டீக, சரி. கேமரா எப்ப வருது?" மண்டபமே சிரித்தது. அன்று சாயங்காலமே அண்ணன் அதன் தலையில் ஒரு பெரிய லைட்டும், பஞ்சுத் தொப்பி போட்ட மைக்கும், அடியில் ஒரு கனமான தாங்கியும் பொருத்திவிட்டார். அதன்பிறகு வழிவிட்டார்கள். ரோஸ்லினுக்குத் தைலம் தேய்க்கிற வேலையும் திரும்பி வந்துவிட்டது.

அடுத்த புகார் டிவிடியில் வந்தது. அகலப் படத்தைப் பழைய டிவியில் முழுதாகக் காட்டினால் மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விழும். "முழு வீடியோவுக்குச் சொன்னா பாதி டிவிதான் ஓடுது" என்று சண்டைக்கு வந்தார்கள். நல்ல காரியத்தில் என்ன கருப்பு என்று கேட்டவர்களும் உண்டு. கேமராவிலேயே அதற்கு ஒரு வழி இருந்தது. படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அப்படி எடுத்தால் டிவி நிறையப் படம் வரும். நான் அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். ஓரத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பேரையூரில் இருந்து பாண்டியம்மாள் வந்தார். அவர் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். இரண்டு பேர் குடும்பமும் ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவை. இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம். மூத்த மகளுக்குக் காதுகுத்து. பாண்டியம்மாளுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. தம்பி முருகேசன் யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் முடித்துவிட்டார் என்று மூத்தவருக்குக் கோபம், ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் செல்லூரில் தறிப்பட்டறையில் வேலை. பாண்டியம்மாள் தானே நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, "என் மக காதுக்குத் தோடு நீதான்டா கொண்டாரணும்" என்று அழைத்துவிட்டு, அப்படியே ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார்.

"அண்ணே, யாரு விழுந்தாலும் விழாட்டியும் என் தம்பி முகம் நல்லா விழணும். ஆறு வருசம் கழிச்சு வாரான்" என்றார். நான் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன்.

காதுகுத்து அன்று நல்ல நேரம் நெருங்கியும் முருகேசனைக் காணோம். பிள்ளையை மடியில் வைத்திருந்த மூத்த மாமன், "இன்னும் எம்புட்டு நேரம்? ஆரம்பிங்க" என்றார். "என் தம்பி வராம ஊசி எடுக்கக் கூடாது" என்று பாண்டியம்மாள் நின்றுவிட்டார். கடைசி நிமிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மனைவி செல்வியோடு ஓடி வந்தார் முருகேசன். மூச்சு வாங்க, தட்டில் தோட்டை வைத்து, கூட்டத்தின் ஓரத்தில் இடம் பிடித்து, கையை நீட்டினார். ஆசாரி ஊசியை எடுத்தார்.

பழைய கேமராவாக இருந்தால் நான் ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பி எடுத்திருப்பேன். இதில் ஒரே படத்தில் எல்லோரும் அடங்கினார்கள். இம்புட்டு இடம் இருக்கே என்ற சந்தோஷத்தில் அசையாமல் நின்று எடுத்தேன். சாப்பிட்டதும் முருகேசன் ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். வேறெந்த இடத்திலும் அவர் படத்தில் விழவில்லை.

டிவிடி போட்டேன். வழக்கம் போல ஓரத்தை வெட்டினேன். கம்ப்யூட்டரில் பார்த்தபோதும் எனக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை. நேரில் பார்த்தவன் இல்லையா, இல்லாத முகத்தை என் கண்ணே சேர்த்துக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலயம் முடிந்து, மறுநாள் கல்யாணத்துக்காகப் பையைத் தரையில் வைத்து அண்ணன் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டேப்பு?"

"இருக்குண்ணே, நாலு."

நாலில் இரண்டுதான் புதிது. சனிக்கிழமை வாங்க மறந்துவிட்டேன், ஞாயிறு கடை கிடையாது. யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் டின்னைத் திறந்து இரண்டு டேப்பை எடுத்து, லேபிளை ரப்பரால் அழித்து, தாழையும் திருப்பி வைத்திருந்தேன். அதில் ஒன்று பேரையூர் டேப். அவர்கள் இன்னும் "பாத்தாச்சு" என்று சொல்லவில்லை. இதுதான் இத்தனை வருடம் என் கையை நிறுத்திய தப்பு.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அண்ணன் எடுத்தார். அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. அன்று காலையில்தான் பேரையூரில் எல்லோரும் கூடி வீடியோ பார்த்திருக்கிறார்கள். செல்லூரில் இருந்து முருகேசனும் போயிருக்கிறார். காது குத்துகிற இடம் வந்திருக்கிறது. தட்டு வருகிறது, தட்டைப் பிடித்த கை வருகிறது, ஆள் வரவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார்களாம். மறுபடியும் கைதான். முருகேசன் எழுந்து, "என் கைய மட்டும்தான் கூப்பிட்டீகன்னா பார்சல்ல அனுப்பியிருப்பேனே. இதுக்கு எதுக்குக் குடும்பத்தோட வரச் சொன்னீக?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாராம்.

"எங்க அண்ணன் சொல்லித்தான் வெட்டுனோம்னு நினைக்கிறான்ணே. இனிமே என் வாசப்படி மிதிக்க மாட்டான்" என்று அந்தம்மா அழுதார்.

அண்ணன் போனை வைத்தார். "டேப்புல முழுசா இருக்குமா?"

"இருக்கும்ணே."

"டின்னுலருந்து எடுத்துட்டு வா."

டேப் அவர் காலடியில் இருந்த பையில் கிடந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டே பின்னறைக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டின் மூடியைச் சத்தமாகத் திறந்து மூடினேன். பையில் இருந்து டேப்பை எடுத்தேன். பென்சில் எழுத்தின் தடம் மட்டும் இருந்தது. இன்னும் ஒரே ஒரு ராத்திரி தாண்டியிருந்தால் அதன்மேல் வேறொரு கல்யாணம் ஓடியிருக்கும். டின் முன்னாலேயே முழங்கால் போட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றேன். அது நன்றியா பயமா என்று அவருக்குத்தான் தெரியும்.

ஞானராஜ் அண்ணன் பாண்டியம்மாளை நேரே செல்லூருக்கு வரச் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலமே நானும் கேமராவோடு போய்ச் சேர்ந்தேன். முருகேசன் வீடு ஒரு ஆள் போகிற சந்துக்குள். பக்கத்துப் பட்டறையில் தறிச் சத்தம். அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் பாண்டியம்மாள்.

"யாரு வேணும்? கைதானே? இந்தா" என்று சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார்.

"தம்பி, தப்பு என்னோடது" என்றேன். "உங்க அக்காவோ அண்ணனோ ஒரு வார்த்தை சொல்லல. டிவி நிறையணும்னு ஓரத்த வெட்டுனது நான். அஞ்சு நிமிசம் குடுங்க."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் செல்வி டிவியை முன்னால் இழுத்துவிட்டார். கேமராவில் இருந்து வயரை எடுத்து டிவியில் மாட்டினேன். எதையும் வெட்டாமல், கருப்புப் பட்டையோடு, முழு அகலத்தையும் ஓடவிட்டேன்.

மூத்த மாமன் மடியில் பிள்ளை. ஆசாரி. தட்டு. கை. கைக்குப் பின்னால், இந்தத் தடவை, முருகேசன்.

ஊசி இறங்குகிறது. பிள்ளை வீறிட்டு அழுகிறது. அதைவிட அதிகமாக முருகேசன் அழுகிறார். தட்டைப் பிடித்திருப்பதால் கண்ணைத் துடைக்க முடியவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளை பக்கம் இருந்த பாண்டியம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு அந்த ஓரத்துக்கு வருகிறார். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் தம்பியின் முகத்தைத் துடைக்கிறார்.

அந்தச் சின்ன டிவியில், அந்தப் பட்டைகளுக்கு நடுவிலும், தலைப்பின் ஈரம்கூடத் தெரிந்ததாக எனக்குத் தோன்றியது.

செல்வி, "இம்புட்டு அழுகையா அழுதீக? வீட்டுக்கு வந்து வேர்வைன்னுல்ல சொன்னீக!" என்றார்.

முருகேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பாண்டியம்மாளும் சிரித்துக்கொண்டே அழுதார். "இன்னொரு வாட்டி போடுங்கண்ணே" என்றார் முருகேசன். ஏழு தடவை போட்டேன். நாலாவது தடவை சந்தே வாசலில் வந்து நின்றது. ஏழாவது தடவை அவரே எழுந்து டிவியைத் தட்டி, "இந்தக் கருப்புப் பட்ட எதுக்கு?" என்று கேட்டார். படம் அகலம், டிவி அகலம் இல்லை என்று விளக்கினேன். "அப்ப குத்தம் டிவி மேலயா?" என்று யோசித்தார்.

அந்த யோசனையின் பலன் தைப்பொங்கலுக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குத் தம்பி சீர் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். ஆறு வருடச் சீரையும் சேர்த்துக் கொண்டுபோவது போல, முருகேசன் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி பிடித்து வந்தார். கரும்பு, பானை, அரிசி, மஞ்சள்கொத்து. நடுவில் மாலை போட்டு, கயிறு கட்டி நிறுத்திய ஒரு அகல டிவி! படம் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மூத்த மாமனே இறங்கி வந்து டிவியின் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் முருகேசன்.

"என்னடா மாப்ள, சீருக்கு டிவியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமா. இனிமே எவனும் என்னைய வெட்ட முடியாதுல்ல!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அன்று எல்லோரையும், ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பி எடுத்தேன். ஓரத்தையும் விட்டுவைத்தேன். அந்தச் சுற்று ஊர்களில் அதன்பிறகு "முருகேசன் வீடியோ மாதிரி அகலமா வேணும்" என்றுதான் கேட்டு வந்தார்கள்.

இதை எழுதும் முன் போன வாரம் ஞானராஜ் அண்ணனைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். டேப் டின்னில் இல்லை, பையில் இருந்தது என்று முதல் தடவையாகச் சொன்னேன்.

"தெரியும் சாமு" என்றார்.

"எப்படிண்ணே?"

"மறுநாள் டேப்ப வாங்கிப் பாத்தேன்ல. லேபிள்ல ரப்பர் தேச்ச தூசி ஒட்டியிருந்துச்சு. அதுவும் போக, டின்னுல டேப் எடுக்கப் போறவன் எதுக்குப் பையத் தூக்கிட்டுப் போறான்?"

"ஏண்ணே அன்னைக்கே கேக்கல?"

"கேட்டிருந்தா நீ பொய் சொல்லியிருப்ப. அந்தப் பாரத்த வேற உனக்கு எதுக்கு ஏத்தணும்?"

"எழுதப் போறேண்ணே" என்றேன்.

"சரி" என்றார். இழுக்காமல், சட்டென்று.

தம்பிமாரே, எந்தக் கேமரா வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கைக்கும் வாடிக்கையாளருக்கும் ஏற்றதை, ஜெபம் பண்ணி, தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கர்த்தர் நடத்துவார். எது வாங்கினாலும், வீட்டுக்காரர்கள் "பாத்தாச்சு" என்று சொல்லும் வரைக்கும் எதையும் அழிக்காதீர்கள். இந்தக் கதையை நீங்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லும்போது அகல டிவி வந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பையில் இருந்த டேப்பை விட்டுவிடாதீர்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஓரத்தை வெட்ட வேண்டாம். கருப்புப் பட்டை விழுந்தாலும் பரவாயில்லை, எழுதியிருப்பது எழுதியபடியே முழு அகலமும் ஓடட்டும்.